தறி நின்றால் ஆறு கேட்கும்

வெள்ள எச்சரிக்கைத் திட்டம் போடுவது பற்றி எனக்குத் தெரிந்ததை உங்களுக்கு எழுதித் தரும்படி உங்கள் அதிகாரி கேட்டார். தெரிந்ததையெல்லாம் எழுதினால் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விடுவீர்கள். ஆற்றில் நீர்மட்டத்தை எப்படிப் பார்ப்பது, தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் படம் போட்டே இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்வானேன்? வருவாய்த் துறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது சேலத்தில் பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும் பதவியில் இருக்கிறேன். கையேட்டில் இல்லாத ஒரு சங்கதி என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

இது ஒரு பெண்ணைப் பற்றியது. என்னைவிடப் பல வயது இளையவர். நம் துறைகூட இல்லை, மின்சார ஆபீஸில் உதவிப் பொறியாளர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். ஊரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நெருக்கடியில் தலை சூடாகாமல் யோசிக்கிற மனிதர்கள் என்று ஒரு கையால் எண்ணினால், முதல் விரல் அவருக்கு.

ஊர், குமாரபாளையத்துக்குக் கீழே காவிரிக் கரையில் இருக்கிறது. மேட்டுத் தெரு, பள்ளத் தெரு என்று இரண்டே தெரு. மேட்டில் பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ். பள்ளத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. முன்னறையில் தறி, பின்னறையில் குடித்தனம். பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று ஆள் மாறுவார்களே தவிர தறி நிற்காது. புதிதாக அந்தத் தெருவுக்குள் போகிறவனுக்குக் காதுக்குள் யாரோ உரல் இடிப்பதுபோல இருக்கும். அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. பேச்சில் பாதி கைஜாடைதான். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ என்று அர்த்தம். மற்ற ஊர்களில் அதற்கு வேறு அர்த்தம் என்பதால் முதல் நாள் நான் கொஞ்சம் குழம்பிப் போனேன்.

அந்தப் பள்ளத் தெருவுக்கு வெள்ளம் என்றால் எமன் இரண்டு உருவத்தில் வருவான். ஒன்று தண்ணீர், இன்னொன்று கரண்ட். தறி மோட்டார் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்தாலே ஆபத்து. நான் அந்தப் பகுதிக்குப் போவதற்கு முந்தைய வருஷம் ஆறு தெருவுக்குள் வந்திருக்கிறது. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் நனைந்துவிடக் கூடாதே என்று ஓடும் தறியை நிறுத்தப் போன ஒருவரை ஷாக் தூக்கி எறிந்திருக்கிறது. அவர் பிழைத்தது பெற்றோர் செய்த புண்ணியம். அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அது துணை வட்டாட்சியராக இருந்த என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் பெரிய சைரன் வைத்தோம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மின்லைன்தான், மின்சாரம் போனாலும் ஊத வேண்டும் என்று பேட்டரியும் வைத்தோம். ஒத்திகைக்கு நாள் குறிக்க வேண்டும். ஊர்க்காரர்களே யோசனை சொன்னார்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு வையுங்கள், அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் சும்மா இருப்போம் என்றார்கள். நியாயமாகத்தானே பட்டது? நாளும் குறித்தாயிற்று. சைரன் ஊதியது. ஊரே திரண்டு மேட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு கிழவர்கள்கூடக் கட்டிலோடு தூக்கி வரப்பட்டார்கள். பெரிய அதிகாரிகள் முகத்தில் சந்தோஷம். போண்டா, டீ எல்லாம் ஆனது. வெற்றி என்று அறிக்கை எழுத நான் மனதுக்குள் வாக்கியம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேடத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பராமரிப்பு வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர், மின்கம்பத்தின் அடியில் தலையில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். கூட்டம் கலைகிறபோது என்னிடம் வந்து, இன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது நான் கரண்டை நிறுத்தியிருப்பதால்தான், நாளைக்கு இதே நேரத்தில் இன்னொரு தடவை ஊதிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தின்ற போண்டா வயிற்றில் செரிக்கும் முன்பே ஒருவர் வந்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் போய்ப் பள்ளத் தெருவின் நடுவில் நின்றுகொண்டு சைரனை ஊதச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. சரி, இன்னும் ஊதவில்லை போல என்று நினைத்தேன். அப்போது தெருமுனையில் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி மேட்டுப் பக்கம் பார்த்து ஊளையிட்டது. அதன் வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன், ஊளைகூடக் கேட்கவில்லை. அந்தத் தெருவில் எங்கள் எச்சரிக்கையைக் கேட்ட ஒரே ஜீவன் அந்த நாய்தான். தறிக்காரர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, டீ வேண்டுமா என்று கட்டை விரலைச் சாய்த்தார்கள்.

அதற்குப் பிறகு என்னென்னவோ யோசித்தோம். இதைவிடப் பெரிய சைரன் வைத்தால் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும், ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் செவிப்பறை கிழியும் என்றார் விற்பவர். போனில் செய்தி அனுப்பலாம் என்றால், தறி ஓட்டுகிறவரின் போன் பஞ்சுத்தூசி படிந்து ஜன்னல் மேட்டில் கிடக்கும். சிவப்பு விளக்கு எரிய விடலாம் என்றால், எல்லோர் கண்ணும் நூல்மேல். வீடு வீடாக ஆள் போய்ச் சொல்வதற்கு ஆறு காத்திருக்காது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தட்டு மிக்சர். உங்கள் காலத்திலும் மிக்சர் உண்டு என்று கேள்விப்பட்டேன்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு மேடமும் வந்திருந்தார். தறிக்காரர் சங்கத் தலைவரும் இருந்தார். இந்தத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நூல் நறுக்கும் சின்னக் கத்தரி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் என்பதால் ரகசியம் பேசினாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். மேடத்தைக் கண்டதும் அவருக்கு வெள்ளம் மறந்துபோய்விட்டது. மின்தடை பற்றிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கெளை முறிஞ்சு கம்பியில உழுந்தாக்கூடக் கரண்டை நிறுத்திப்போடறீங்க. தறி நின்ன மறு நிமிசம் எங்க தெருவே வெளிய வந்து நிக்குதுங்க. எங்கூட்ல மட்டும் போச்சா, எல்லாரூட்லயும் போச்சான்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, பொழப்புக் கெட்டு நிக்கறமுங்க."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். தலைவர், கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"சார், இவிங்கள வெளிய கூப்பிட நாம புதுசா ஒண்ணும் வாங்க வேண்டியதில்லீங்க. மொதல்ல கரண்டை நிறுத்துவோம். தறிச் சத்தம் அடங்கும், சனம் தானா வெளிய வந்துரும். அப்பறம் சைரன் ஊதுனா ஊரே கேக்குமுங்க. மோட்டார்லயும் கரண்ட் இருக்காது."

மிக்சர் தட்டை நான் தள்ளி வைத்தேன். எத்தனை மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். பதில் ஒரு மனிதரின் புலம்பலுக்குள் இருந்திருக்கிறது. அதை வசவு என்று நாங்கள் எல்லோரும் ஒதுக்கினோம். அவர் ஒருவர்தான் தகவலாகக் கேட்டார். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறைகேட்புக் கூட்டத்தில் மக்கள் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்க்காதீர்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவ்வளவு விவரமாக வேறு எப்போதும் சொல்ல மாட்டார்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் அதற்குள்ளேயே முள்ளும் இருந்தது. ஓடுகிற தறி திடீரென்று நின்றால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். திரும்ப ஓட்டும்போது அந்தக் கோடு அப்படியே நின்றுவிடும். தெரு முழுக்க ஒரே சமயத்தில் அப்படி விழுந்தால் அது சின்ன நஷ்டம் இல்லை. எச்சரிக்கை கொடுத்து வெள்ளம் வராமல் போனால் யார் பொறுப்பு? மேடத்தின் ஆபீஸிலோ, எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் கரண்டை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உத்தரவு எங்கள் ஆபீஸில் தயாராகிக் கையெழுத்தாகி அங்கே போவதற்குள் காவிரி கடலில் கலந்துவிடும்.

மேடம் தன் பொறுப்பில் ஒப்புக்கொண்டார். நீங்கள் போனில் சொன்னால் போதும், நிறுத்துகிறேன் என்று என்னிடம் சொன்னார். தலைவர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"வீணா நிறுத்துனீங்கன்னா, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு போனை அணைச்சுப்போடக் கூடாதுங்க. எங்க தெருவுக்கு வந்து, எங்க மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லோணும்."

"வாரனுங்க" என்றார் மேடம்.

அந்த வருஷம் புரட்டாசியில் சோதனை வந்தது. காவிரியும் நிறைந்து வந்தது, பவானியும் நிறைந்து வந்தது. இரண்டும் கூடினால் பள்ளத் தெரு தாங்காது. தகவல் வந்ததும் நான் போன் செய்தேன். மேடம் நிறுத்தினார். திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்தது. தறி அடங்கியது, சனம் வெளியே வந்தது, சைரன் ஊதியது, பிள்ளை குட்டிகளோடு எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். ஆறு மட்டும் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை. துணி துவைக்கும் படித்துறை வரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் நம்மை வேடிக்கை பார்த்தது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

தீபாவளிச் சேலைக்கு ஆர்டர் பிடித்து இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது. தெருவில் ஒரு தறி பாக்கியில்லாமல் கோடு விழுந்திருந்தது. அவர்கள் எந்த நிலையில் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசு வேலையில் இருக்கிற எல்லோரிடமும் இரண்டு குடைகள் உண்டு. 'மேலிடத்து உத்தரவு' என்பது ஒன்று, 'கீழேயிருந்து வந்த தகவல்' என்பது மற்றொன்று. மழை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குத் தக்கபடி விரித்துக்கொள்ளலாம். மேடம் தன் ஸ்கூட்டரில் வந்து பள்ளத் தெருவின் நடுவில் இறங்கினார். கையில் ஒரு குடையும் இல்லை. தகவல் சொன்னவன் நான், அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் என்னை மொய்த்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர்கள் திட்டி முடிக்கும் வரை நின்று கேட்டார். நானாக இருந்தால் பாதியில் ஏதாவது விளக்கம் சொல்லி இன்னும் கெடுத்திருப்பேன்.

தலைவர் கோடு விழுந்த சேலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். மேடம் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணி வராததுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டனுங்க. அது நல்லது. இந்தக் கோடு உழுந்ததுக்குக் கேக்கறனுங்க" என்றார்.

கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்னும் கொஞ்சம் திட்டினார்கள். ஆனால் சூடு இறங்கியிருந்தது. கடைசியில் தலைவர், அடுத்த தடவையும் இப்படி நிறுத்துவீர்களா என்று கேட்டார். நிறுத்துவேன் என்றார். அப்போதும் தண்ணீர் வராவிட்டால் என்று கேட்டார். அப்போதும் வருவேன் என்றார். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய இலாகாவில் இப்படி ஒரு ஆளா என்று எனக்குப் பெருமையாக இருந்தது, அவர் என் இலாகா இல்லை என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

யாரோ மேலே புகார் அனுப்பிவிட்டார்கள். அவரிடம் விளக்கம் கேட்டார்கள். வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. எழுத்து உத்தரவு இல்லாமல் இன்னொரு முறை நிறுத்தினால் வேலையே போய்விடும் என்று வாய்மொழியாகச் சொல்லி வைத்தார்கள். இது எனக்கு அவருடைய லைன்மேன் சொல்லித்தான் தெரியும். அவராகச் சொல்லவில்லை.

மறு வருஷம் ஆடி. நம் பக்கத்து ஆடி எப்படியிருக்கும் என்று தெரியுமல்லவா? மழையே இருக்காது. வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று ஆளைத் தள்ளும். மழையெல்லாம் கர்நாடகத்து மலைகளில் பெய்யும், தண்ணீர் மட்டும் நமக்கு வரும். மேட்டூர் அணை நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகல் எனக்குத் தகவல் வந்தது. அணைக்கு வரத்து கூடிக்கொண்டே போகிறது, திறப்பை இன்னும் கூட்ட வேண்டியிருக்கலாம், ஆனால் முடிவாகவில்லை. என் மேலதிகாரியைக் கேட்டேன். முடிவாகட்டும், அதுவரை பொறு என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். போன வருஷக் கூத்து அவருக்கும் நினைவிருந்தது.

ஜீப்பைப் பாலத்தின் மேல் நிறுத்தி ஆற்றைப் பார்த்தேன். நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய மூங்கில் புதர்கள் மிதந்து போயின. காகிதத்தில் முடிவாகாதது ஆற்றில் முடிவாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. காத்திருந்தால் தண்ணீர் இருட்டும் நேரத்தில் தெருவுக்குள் வரும். அப்போது தறிகள் ஓடிக்கொண்டிருக்கும், மோட்டாரில் கரண்ட் இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. இப்போதே நிறுத்தினால் வெளிச்சத்திலேயே எல்லோரும் ஏறிவிடலாம். ஆனால் இப்போது நிறுத்தித் தண்ணீர் வராவிட்டால் மேடத்தின் வேலை போய்விடும். என் வேலை போகாது. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். அப்புறம் அவரைக் கூப்பிட்டு இருக்கிற நிலைமையை ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். உறுதியான தகவல் இல்லை, எழுத்து உத்தரவு இல்லை, எங்கள் ஆபீஸில் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"நீங்க எங்கிருந்து பேசறீங்க?" என்று கேட்டார்.

பாலத்தின் மேல் என்றேன்.

"தண்ணியப் பாத்துக்கிட்டுதான் நிக்கறீங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஆபீஸ் சொல்றது இருக்கட்டுமுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

"வரும்னு தோணுது மேடம்."

"உறுதியாத் தெரிஞ்சப்பறம் சொல்றதுக்கு நாம எதுக்குங்க?" என்றார். என் போனை அணைக்காமலே இன்னொரு போனில் துணைமின் நிலையத்துக்கு, பள்ளத் தெரு லைனை நிறுத்துங்கள் என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

ஜீப்பை விரட்டிக்கொண்டு ஊருக்குப் போய், பஞ்சாயத்து ஆபீஸ் மாடிக்கு ஓடி, சைரன் பொத்தானை அழுத்தினேன். ஊதவில்லை. மறுபடி அழுத்தினேன். கீழே இருந்த காவலாளி ஏறி வந்து, பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு மைக்செட் வைக்கப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், நாளைக்குத் தந்துவிடுவார்கள் என்று ரொம்ப நிதானமாகச் சொன்னார். நாளைக்கு! அந்த ஆளை ஒன்றும் சொல்ல எனக்கு நேரமில்லை. மாடியிலிருந்து இறங்கிப் பள்ளத் தெருவை நோக்கி ஓடினேன். வயசான காலத்தில், தொண்டைத் தண்ணீர் வற்ற, ஒவ்வொரு கதவாகத் தட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஓடினேன்.

பாதி இறக்கத்தில் நின்றுவிட்டேன். அவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தெருவே வந்துகொண்டிருந்தது. பாவு சுற்றிய உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள், துணி மூட்டையோடு பெண்கள், ஆடு, கோழிக்கூடை, ஒரு தையல் மெஷின். தலைக்குமேல் நல்ல வெயில். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடம், சைரனே ஊதவில்லையே, எப்படிக் கிளம்பினீர்கள் என்று கேட்டேன்.

"சைரன் எதுக்குங்க? தறி நின்னதும் ஆறு எரையறது கேட்டுச்சு. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து, கரண்ட் போற நாள்லகூட இப்படி ஒரு எரைச்சல் எங்காதுல உழுந்ததே இல்லீங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. அந்தத் தெருவுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் ஒரு ஆறு ஓடுகிறது என்பதைக் காதால் நான் கவனித்ததே இல்லை. தறிகளுக்குக் கீழே அது எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கீழே போனால் சங்கத் தலைவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி ஷிஃப்ட் ஆட்களை எழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் முதன்முதலாக அன்றைக்குத்தான் எனக்கு இனிமையாக இருந்தது. சும்மா போன கரண்டாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லையா என்று கேட்டேன்.

"நெனச்சாங்க, நாந்தான் ஏசுனனுங்க. போன தடவை நடுத்தெருவுல நின்னு அத்தனை பேச்சு வாங்குன அம்மணி, இந்த வெயில்ல சும்மாவா நிறுத்தும்? வராட்டியும் வந்து நிக்கற ஆளுங்க அது."

புதியவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். பொய் எச்சரிக்கை கொடுத்தால் அடுத்த முறை மக்கள் நம்ப மாட்டார்கள் என்று உங்கள் கையேட்டில் எழுதியிருக்கும். பாதி உண்மை அது. பொய்யாகிப் போன எச்சரிக்கைக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது மீதி. அன்று மேடம் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் மறு வருஷம் அவர்கள் மேட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆறு உள்ளே வந்தது. முதலில் படித்துறை, பிறகு தெருமுனை, பிறகு வீடுகள். தறி மோட்டார்கள் எல்லாம் முங்கின. மேட்டில் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஓர் உயிர்கூட இல்லை. அந்த நாய்கூடப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. காற்றில் தூசி என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போது மேடத்தின் ஸ்கூட்டர் வந்தது. தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எதிரே போனார். இந்த நேரத்தில் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"நிறுத்துனா நேர்ல வரோணும்னு பேச்சுல்லீங்களா?"

"அது தண்ணி வராட்டித்தானுங்க."

"நீங்க அப்படிப் பிரிச்சுச் சொல்லலீங்களே" என்றார் மேடம். தலைவர் ஸ்கூட்டரைத் தானே வாங்கிப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவரிடம் கேட்ட விளக்கம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கிணற்றில் போட்ட கல்தான். தப்பு செய்தார் என்றும் யாரும் சொல்லவில்லை, சரி செய்தார் என்றும் யாரும் சொல்லவில்லை. தாமதமாகவாவது பதவி உயர்வு வந்தது. கூடவே தெற்கே ஒரு மாவட்டத்துக்கு மாறுதலும் வந்தது, அது பள்ளத் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பொறுப்பை ஒப்படைக்கும் முன் பள்ளத் தெரு டிரான்ஸ்ஃபார்மரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். நானும் கூடப் போனேன். மோட்டார்களைப் பிரித்துக் காயவைத்து, தெரு பழையபடி இடித்துக்கொண்டிருந்தது. தறிச் சத்தத்தில் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. டீ வேண்டுமா என்று நான் கட்டை விரலைச் சாய்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

தெருவின் பாதிக்கு வந்திருப்போம். முதல் வீட்டில் தறி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. பிறகு எதிர் வரிசை. ஒவ்வொன்றாக அடங்கி, தெரு முழுக்க அமைதியாகிவிட்டது. மேடத்தின் முகம் மாறியது. அடுத்த கணம் போனை எடுத்துத் துணைமின் நிலையத்தைக் கூப்பிட்டு, பள்ளத் தெரு லைன் எப்படிப் போயிற்று என்று கேட்டார். போகவே இல்லை மேடம், லைன் இருக்கிறது என்று அங்கிருந்து சொன்னார்கள். அவர் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சங்கத் தலைவர் கையில் ஒட்டியிருந்த பஞ்சை வேட்டியில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். பழக்கத்தில் சத்தமாகத் தொடங்கி, தெரு அமைதியாக இருப்பது நினைவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கரண்ட் இருக்குதுங்க அம்மணி. நாங்கதான் நிறுத்துனோம்."

ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம், "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க, துணியில கோடு உழுமல்லங்க" என்றார்.

"உழுவட்டுமுங்க" என்றார் தலைவர்.